மூன்று பிரிவுகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள்: கோப்புகள் திரும்புமா?

கேள்வி: கணினி மெதுவாக இயங்கியதால் கிளிநொச்சியில் ஒரு கடையில் விண்டோஸ் புதிதாகப் போடக் கொடுத்தேன். சி, டி, ஈ என்று மூன்று பிரிவுகளாக இருந்த டிஸ்க் ஒரே சியாகத் திரும்பி வந்திருக்கிறது. டியில் பிள்ளைகளின் படங்கள், ஈயில் காணி அனுமதிப்பத்திரத்தின் ஸ்கேன் பிரதி. மீட்பு மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கினால் போதுமா? (பரந்தன் வாசகர்)

பதில்: உடனே கணினியை நிறுத்துங்கள். அதே டிஸ்க்கில் மென்பொருளைப் பதிவிறக்கினால், அது நீங்கள் தேடும் படத்தின் மேலேயே எழுதப்படலாம். அப்படி மூடப்பட்டதை எவராலும் மீட்க முடியாது. விண்டோஸ் தானாகவும் எழுதிக்கொண்டிருக்கும். சும்மா திறந்து பார்ப்பதும் வேண்டாம்.

பிரிவை அழிக்கும்போது, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்புத்தான் போகிறது. விதானையின் பதிவேட்டில் பெயரை வெட்டினாலும் வீடு காணியிலேயே நிற்பதைப் போன்றது. புதிய விண்டோஸ் பெரும்பாலும் பழைய சியின் இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். சியில் இருந்தவற்றை மறந்துவிடுங்கள். டி, ஈ மீது நம்பிக்கை வைக்கலாம்.

டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இரண்டாவது டிஸ்க்காக இணையுங்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் தொலைந்த பிரிவுகளைத் தேடும். அது காட்டும் கோப்புகளை மூன்றாவது டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். பழைய பிரிவு அட்டவணையை, அதாவது எந்தப் பிரிவு எங்கே என்ற குறிப்பை, பழுதான டிஸ்க்கிலேயே திரும்ப எழுத மட்டும் விடாதீர்கள். பிரிவு கிடைக்காவிட்டால், அதனுடன் வரும் ஃபோட்டோரெக் பெயர் இல்லாமலாவது படங்களை மீட்கும். தேடல் பல மணி நேரம் ஓடும். மின்வெட்டை நினைத்து யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் பொருந்தும். உங்களுடையது எஸ்எஸ்டியா (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் புதிய வகை டிஸ்க்) என்று கடையில் கேட்டு உறுதி செய்யுங்கள். எஸ்எஸ்டியில் ஒரு பிரிவை அழித்து ஃபோர்மட் செய்ததும், அந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் டிஸ்க்குக்கே அறிவித்துவிடும். ட்ரிம் என்பது அதுதான். டிஸ்க் உள்ளிருப்பதைத் தானே துடைத்துவிடும். எஸ்எஸ்டி என்றால் காசை வீணாக்காதீர்கள்; எந்த மென்பொருளை வாங்கினாலும் பெரும்பாலும் வெறும் பூச்சியங்கள்தான் வரும்.

என்னைக் கோபப்படுத்துவது இடைத்தரகர்கள்தான். “கொழும்பில் பெரிய லாப் இருக்கிறது, ஜிபிக்கு இவ்வளவு” என்று முற்பணம் வாங்கி, நான் மேலே சொன்ன அதே இலவச மென்பொருளை ஓட்டுகிறார்கள். பிறகு கோப்புப் பெயர்ப் பட்டியலைக் காட்டி மீதிப் பணத்தைக் கேட்கிறார்கள். பெயர் தெரிவதால் படம் மீண்டதாகாது. பத்துப் படங்களையாவது உங்கள் கண்முன் திறந்து காட்டட்டும், பிறகு பணம் கொடுங்கள். களவாகத் திறக்கப்பட்ட மென்பொருளைத் தரும் கடைக்காரரிடம் டிஸ்க்கை ஒப்படைக்கவே வேண்டாம். டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் கேட்டால் மட்டும் எதையும் ஓட்டாமல், தூசியற்ற அறை உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். அது பொறிக் கோளாறு.

ஸ்கேன் பிரதி கிடைக்காவிட்டாலும் அனுமதிப்பத்திர விபரம் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் இருக்க வேண்டும். எழுத்தில் விண்ணப்பித்து, கையளித்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். 2009இல் உடுத்த துணியோடு வெளியேறிய மக்களிடம் இன்றும் “மூலப் பிரதி எங்கே” என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது அநியாயம். தங்கள் பேரேட்டைத் திறந்து பார்ப்பது செயலக அதிகாரிகளின் கடமை. திறக்கும்வரை கேளுங்கள்.