நோம்பிய வெச்சு ரூட்டு போடுங்க

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல இருந்து முதுகுல ஆளுக்கொரு பையோட கெளம்பி, தாய்லாந்து, லாவோஸ்னு மாசக்கணக்குல சுத்திட்டு வந்த ஒரு ஜோடிய பத்தி போன இதழ்ல எழுதியிருந்தோம். அந்தந்த ஊரோட வினோதமான நோம்பியா (நம்ம பக்கம் திருவிழாவுக்கு அதான் பேரு) தேடித்தேடி போனவங்க. கேள்விக வந்து குமிஞ்சு போச்சு. வீட்டுக்காரம்மாவே பதில் சொல்றாங்க.

கல்யாணமாகி ஒரு வருசம் ஆச்சுங்க. ரெண்டு பேரும் வேலைய விட்டுட்டு மூணு மாசம் சுத்தலாம்னு ஆசை. மாமியார்கிட்ட எப்படி ஆரம்பிக்கறது?
பெருந்துறை வாசகி

நீங்க ஆரம்பிக்காதீங்க அம்மணி. மகன் வாயாலயே வரட்டும். நீங்க சொன்னா "மருமக இழுத்துட்டு போறா"ன்னு ஆயிரும், அப்பறம் அவருக்கு அங்க வவுறு வலிச்சாக்கூட உங்க தலைலதான் விடியும்.

எங்கூட்ல மாமா (எங்கூட்டுக்காரரத்தான் சொல்றேன்) அத்தைகிட்ட ஒரே ஒரு நாயம்தான் கேட்டாரு. "தைப்பூசத்துக்கு வருசா வருசம் பழனிக்கு நடந்து போறீங்கல்ல, ரோட்டோரம் எவனோ போட்ட பந்தல்ல படுக்கறீங்க, எவனோ ஊத்துன சோத்த தின்றீங்க, முன்னபின்ன தெரியாத சனத்தோட ஒட்டுக்கா நடக்கறீங்க, அதையேதான் நாங்க கொஞ்சம் தொலவா போய் பண்ணப்போறோம்"னாரு. அத்தை சித்த நேரம் பேசவே இல்ல. அப்பறம் "அங்க சோறு கெடைக்குமா"ன்னாங்க. மாமியார் சோத்த பத்தி கேட்டுட்டாங்கன்னா பாதி சம்மதம்னு வெச்சுக்கோங்க.

வேலைய விடறதுக்கு முன்னால சம்பளமில்லாத லீவு கேட்டு பாருங்க. வீட்டு லோன், வண்டி லோன்னு ஓடிட்டு இருந்தா அத ஒரு வழி பண்ணிட்டு போங்க, கடன் மெசேஜ் வந்துட்டே இருந்தா எந்த ஊருக்கு போயும் புண்ணியமில்ல.

எந்த ஊருக்கு எப்ப போறதுன்னு எப்படி பிளான் போட்டீங்க?
திருப்பூர் வாசகர்

ஊர் பேர் எதையும் மொதல்ல எழுதலீங்க. காலண்டர்ல நோம்பி தேதிகள வட்டம் போட்டோம், ரூட்டு அதுவா வந்துச்சு. ஏப்ரல் 13-ல இருந்து 15 வரைக்கும் தாய்லாந்து வருசப்பொறப்பு சோங்க்ரான், நம்ம சித்திரை ஒண்ணும் அதுக்குள்ளதான் வருது. ஊரே ரோட்ல எறங்கி ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி ஊத்தறாங்க, ஈரோடு பெரிய மாரியம்மன் நோம்பில மஞ்சத்தண்ணி பாத்து வளந்தவங்களுக்கு அது ஒண்ணும் புதுசில்ல, மஞ்சள்தான் இல்ல. மே மாசம் நடுவுல தாய்லாந்து வடகிழக்குல யசோத்தோன்கற ஊர்ல ராக்கெட் நோம்பி. ஜூன், ஜூலை வாக்குல லோய் மாகாணத்துல டான் சாய்னு ஒரு சின்ன ஊர்ல பேய் நோம்பி. செப்டம்பர், அக்டோபர்ல புக்கெட்ல ஒம்பது நாள் சைவ நோம்பி. நடுவுல இருக்கற நாளெல்லாம் லாவோஸ் பக்கம் மேகோங் ஆத்தோரமா ஒரே எடத்துல டேரா. டூரிஸ்ட் சீசன் இல்லாத மழைக்காலம்கறதால ரூமும் சல்லிசா கெடைக்கும்.

ஒரு விசயம் மட்டும் பாத்துக்கோங்க. டான் சாய் நோம்பிக்கு தேதி அந்தூர்ல சாமியாடறவங்கதான் வருசா வருசம் குறிச்சு குடுக்கறாங்க. தாய்லாந்துக்காரனுக்கே முன்கூட்டி தெரியாது. நம்ம சிவன்மலை ஆண்டவன் உத்தரவு பெட்டி மாதிரிதான், எவனோ ஒரு பக்தன் கனவுல வந்த பொருளை, சாமிகிட்ட பூ போட்டு கேட்டுட்டு கண்ணாடி பெட்டிக்குள்ள வெப்பாங்க, அடுத்த கனவு எப்ப வரும்னு யாராவது சொல்ல முடியுமா? அதனால காசு திரும்ப வராத டிக்கெட்டா முன்னாலயே எடுத்து வெச்சுக்காதீங்க.

விசா ரூல் அடிக்கடி மாறுது, யூட்டியூப்ல எவனோ போன வருசம் சொன்னத நம்பாம கெளம்பறப்ப அந்தந்த நாட்டு எம்பசி சைட்ல பாருங்க. பிளைட்டுக்கு மெட்ராஸ் வரைக்கும் போகோணும்னு இல்ல, கோயமுத்தூர்ல இருந்து சிங்கப்பூருக்கும் திருச்சில இருந்து கோலாலம்பூருக்கும் நேரா போகுது, அங்கிருந்து தரைவழியாவே மேல ஏறிக்கலாம்.

பாத்ததுலயே பயங்கர கிறுக்குத்தனமான நோம்பி எது?
பொள்ளாச்சி வாசகர்

யசோத்தோன்தான், சந்தேகமே வேண்டாம். தாய்லாந்தோட வடகிழக்கு மூலைல, காஞ்ச பூமி, நம்ம காங்கயம் பக்கம் மாதிரியே மானத்த பாத்துட்டு ஒக்காந்திருக்கற சனம். அங்க ஒரு கதை சொல்றாங்க. தவளை ராசா ஒருத்தன் இருந்தானாம், மேலோகத்து சாமி மழைய நிறுத்திப்போட்டானாம், தவளை ராசா கரையான், தேள், பூரான்னு படை தெரட்டிட்டு போயி சண்டை போட்டு செயிச்சானாம். இனிமேல் கீழ இருந்து ராக்கெட் விட்டா மழைய அனுப்போணும்னு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்த வருசா வருசம் சாமிக்கு ஞாபகப்படுத்தறதுக்குத்தான் இந்த நோம்பி.

ராக்கெட்னா தீபாவளி ராக்கெட் இல்லீங்க. முன்ன மூங்கில்ல பண்ணுவாங்க, இப்ப பெரும்பாலும் பிளாஸ்டிக் பைப்பு. பெருசுல கருமருந்து மட்டுமே 120 கிலோ. மொத நாளு பாம்புத்தலை வெச்சு சோடிச்ச தேர் ஊர்வலமா போகுது, ஆட்டம் பாட்டம், மறுநாள் வயக்காட்டுல ஏணி மாதிரி ஒசரமா ஒரு மரச்சட்டம் கட்டி அதுல ராக்கெட்ட சாத்தி விடறாங்க. மேல போனா ஊரே கத்துது, எவ்ளோ நேரம் மானத்துல நிக்குதுன்னு வாட்ச்ச பாக்கறாங்க, ஓரமா பந்தயப்பணம் கைமாறுது. புஸ்ஸுன்னு போயிருச்சுன்னா அந்த டீமையே தூக்கி சேத்துல போட்டுருவாங்க.

நாங்க போன எடத்துல ஒரு கோயில் டீம்காரங்க பைப்ப தூக்க ஆள் போதாம நின்னுட்டு இருந்தாங்க. மாமா போய் ஒரு பக்கம் தோள் குடுத்தாரு. நாலு பேரு நகர்த்தி, கயித்த கட்டி, மேல ஏத்தி, எல்லாம் ஆச்சு. பத்த வெச்சாங்க. பொகை மட்டும் வருது, வருது, வந்துட்டே இருக்குது, ராக்கெட் அசையவே இல்ல. அவ்ளோதான், டீம்காரங்கள தொரத்திட்டு வந்தவங்க மாமாவயும் உடல, கைய காலப் புடிச்சு தூக்கி சேத்துக்குள்ள ஒரே போடு. கண்ணு மட்டும்தான் வெள்ளையா தெரிஞ்சுது. ஒரு பாட்டி வந்து ஒட்டுச்சோத்த ஒரு கை உருட்டி அப்படியே அவர் வாய்ல வெச்சுச்சு, கைதான் சேறாச்சே. அன்னைக்கு ராத்திரி அந்த டீம்ல ஒருத்தர் வீட்லதான் படுத்தோம், சோறு தண்ணி எல்லாம் அவங்களோடதான்.

அந்த வீட்டு பெரியவர்கிட்ட நம்மூர் மழைச்சோறு பத்தி சொன்னேன், போன்ல மொழிபெயர்ப்பு ஆப்ப வெச்சுட்டுத்தான். மழை இல்லீனா பொம்பளைங்க வீடு வீடா போய் உப்பில்லாத சோறு வாங்கி, ஊர்ப்பொதுல எல்லாரும் பகிர்ந்து தின்னுட்டு, இந்த ஊரே வேண்டாம்னு அழுதுட்டு கெளம்பற மாதிரி பண்ணுவோம், அதப் பாத்து மனசு எளகி மழை வரும்னு. அவரு ரெண்டு தடவ கேட்டுட்டு சொன்னாரு, "நீங்க அழுது கேக்கறீங்க, நாங்க வெடி வெச்சு கேக்கறோம்"னு.

பக்கத்துல நின்னு பாக்கோணும்னு மட்டும் நெனைக்காதீங்க. 1999-ல ஒரு 120 கிலோ ராக்கெட் மேல ஏறுன ரெண்டு செகண்டுல வெடிச்சு நாலு பேரு செத்திருக்காங்க. மாமா தூக்கறதுக்குத்தான் போனாரு, பத்தவெக்கறப்ப நாங்க ரெண்டு பேரும் காட்டோட அந்தக்கோடில.

நாங்க சுத்த சைவம். சோத்துக்கு என்ன பண்றது?
நாமக்கல் வாசகி

தாய்லாந்துல கீரைப்பொரியல்லகூட மீன் சாஸ் ஊத்துவாங்க, அதனால "மீட் வேண்டாம்"னு மட்டும் சொன்னா பத்தாது. "ஜே"ன்னு கேளுங்க, சுத்த சைவத்துக்கு அங்க அதான் பேரு, மஞ்சக் கொடி கட்டியிருக்கற கடைய பாருங்க. பூண்டு வெங்காயம்கூட இருக்காது. புக்கெட் சைவ நோம்பி சமயத்துல தெருவெல்லாம் அந்தக் கொடிதான், உங்களுக்கு விருந்து. ஆனா அங்க கன்னத்துல வேல் குத்தறது நம்ம அலகு குத்தறதெல்லாம் சும்மாங்கற அளவுக்கு இருக்குது, குடையெல்லாம் சொருவிட்டு வர்றாங்க. குண்டமும் எறங்கறாங்க (தீ மிதிக்கறதுதான்), பண்ணாரிக்கு போய் பழகுனவங்களுக்கு அது மட்டும் சாதாரணமா தெரியும். பருப்புப்பொடி ஒரு கிலோ கட்டிக்கோங்க, சுடுசோறு எங்கியும் கெடைக்கும்.

பாஷை தெரியாம ஃப்ரெண்ட்ஸ் எப்படி புடிச்சீங்க? எங்களுக்கு கோயமுத்தூர் தாண்டுனாலே பேச்சு வராது.
கோவை வாசகர்

ஏனுங்க, பேச்சு எதுக்குங்க, வேலைதான் வேணும். நோம்பிக்கு போய் செல்போன தூக்கிட்டு நின்னீங்கன்னா நீங்க வேடிக்கை பாக்க வந்த ஆளு, அதோட சரி. ரெண்டு நாள் முன்னாலயே போயி ஏதாவது எடுபுடி வேலைல ஒட்டிக்கிட்டீங்கன்னா உங்கள ஒறம்பரை கணக்குல சேத்திருவாங்க.

டான் சாய்ல பேய் முகமூடி எதுல பண்றாங்க தெரியுங்களா, ஒட்டரிசி வேகவெக்கற மூங்கில் கூடையதான் தலைல கவுத்து, தென்னமட்டைல மூஞ்சி செதுக்கி, நீட்டமா ஒரு மரமூக்கு ஒட்டறாங்க. ஒடம்புக்கு பழைய துணிய ஒட்டுப்போட்டு தெச்ச சட்டை. நாங்க தங்குன வீட்டம்மா அத தெச்சுட்டு இருந்தப்ப நானும் ஊசி நூல எடுத்துட்டு பக்கத்துல ஒக்காந்துட்டேன். சாயங்காலம் ஆகறதுக்குள்ள அந்தம்மா என் சடைய அவுத்து பின்னி உட்டுட்டு, நெத்திப்பொட்ட தொட்டு பாத்துட்டு, மகளுக்கும் ஒண்ணு கேட்டு வாங்கி வெச்சுட்டாங்க.

பேயாடறவங்க இடுப்புல மாட்டுமணி கட்டிட்டு குதிப்பாங்க. மாமாவுக்கு அத பாத்ததும் கை கால் நிக்கல, ஊர்ல பெருஞ்சலங்கை ஆட்டம் ஆடறவரு, நாலு அடவு போட்டு காமிச்சாரு. பொடுசுக பூராம் பின்னாலயே ஆட ஆரம்பிச்சிருச்சுக. அங்க ஒரு தைவான் ஜோடி வந்திருந்தாங்க, எங்க வயசுதான் இருக்கும், அந்த ஆட்டத்துலதான் பழக்கம். அப்பறம் லாவோஸ் வரைக்கும் எங்களோடவே வந்தாங்க. தீபாவளிக்கு இங்க வந்து எங்கூட்ல தங்கிட்டும் போனாங்க, அத்தை அந்தப் புள்ளைக்கு சேலை கட்டி உட்டு ஊர்ல பாதி பேருக்கு அறிமுகம் பண்ணிட்டாங்க.

கையோட ஏதாவது குடுக்கோணும்னா சென்னிமலை துண்டு, போர்வைன்னு நாலு எடுத்துட்டு போங்க. கனமும் இல்ல, அது வரைக்கும் நீங்க போத்திக்கலாம்.

சண்டையே வரலீங்களா?
ஈரோடு வாசகி

வராம? பொழுதுக்கும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு, வேர்வை நாத்தத்தோட, பசியோட, ராத்திரி பஸ்ல வந்து எறங்குனா வராம இருக்குமா? முக்காவாசி சண்டை பசிலதான் வரும், அதுக்கு மருந்து கடலமிட்டாய். மீதி காசுல வரும். காசு ஒரே ஆள்கிட்ட இருக்கக்கூடாது, இது என் கண்டிப்பான அபிப்பிராயம். கார்டு, ரொக்கம் ரெண்டும் ஆளுக்கு பாதியா வெச்சுக்கோங்க, கேட்டு கேட்டு செலவு பண்ற கொடுமை வீட்டோட போகட்டும். வாரத்துல ஒரு நாள் அவரவர் வழில தனியா போங்க. மாமா மீன் புடிக்க போயிருவாரு, நான் சந்தைக்கு. ராத்திரி வந்து பேச விசயம் இருக்கும்.

பாஸ்போர்ட்டும் இல்ல, அவ்ளோ காசும் இல்ல. நம்ம பக்கத்துலயே இப்படி சுத்த முடியாதா?
தாராபுரம் வாசகர்

இந்தக் கேள்வி வராமயே போயிருமோன்னு இருந்தேன். நம்ம கொங்குலயே வருசம் பூராம் சுத்தற அளவுக்கு இருக்குதுங்க. தைவான் ஜோடிய நாங்க கூட்டிட்டு போனதே தாளவாடி பக்கம் கும்டாபுரத்துக்குத்தான். தீபாவளி முடிஞ்ச கையோட அங்க சாணியடி நோம்பி. கன்னடம் பேசற சனம், ஈரோடு மாவட்டம்தான். ஊர்ல இருக்கற மாட்டுச்சாணிய பூராம் கொண்டாந்து பீரேஸ்வரர் கோயிலுக்கு பின்னால மலையா குமிச்சு, கழுதை மேல ஒரு ஆள ஒக்கார வெச்சு கூட்டிட்டு வந்து, அப்பறம் ஆம்பளைங்க பூராம் எறங்கி உருட்டி உருட்டி அடிக்கறாங்க. ஊர்ப்பெரியவங்ககிட்ட கேட்டுட்டு அந்த தைவான் தம்பியும் எறங்குனாப்புடி. வெளிய வந்தப்ப பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியல. திம்பம் 27 கொண்டைஊசி வளைவு ஏறிப் போகோணும், ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 வரைக்கும் அந்த ரோட்ல வண்டி உடமாட்டாங்க, அத கணக்கு பண்ணி கெளம்புங்க.

ஆடில அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச்சந்தை, நாள் முழுக்க குதிரை பாத்துட்டே இருக்கலாம். அதே ஆடி 18-அ ஒட்டி கரூர் மாவட்டம் மேட்டு மகாதானபுரத்துல பக்தர்க தலைல தேங்கா ஒடைப்பாங்க, அது எனக்கு புடிக்கல, தலை ஒடைஞ்சு ரத்தம் வர்றத பாத்துட்டு நிக்க முடியாது, பாத்தே தீரோணும்னா தள்ளி நின்னு பாருங்க. பொங்கலுக்கு உடுமலை பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயில், மாடு வெச்சிருக்கறவங்க பாலும் மண்ணுல பண்ணுன மாட்டு உருவாரமும் கொண்டுட்டு குமிவாங்க, எனக்கு அதுதான் நெம்ப இஷ்டம். சத்தமே ஆகாதுங்கறவங்க தீபாவளிக்கு வெள்ளோடு போங்க, பறவைக சரணாலயத்துக்காக சுத்துப்பட்டு ஊர்ல வெடியே வெக்கறதில்ல.

டவுன் பஸ்லயே போங்க. ராத்திரிக்கு தங்கறதுக்கு கோயில் மண்டபம், இல்லீனா யாராவது சொந்தத்துக்கு சொந்தம் அந்த ஊர்ல கண்டிப்பா இருப்பாங்க.

பைல என்னென்ன வெச்சுக்கறது?
உடுமலை வாசகர்

மூணு செட் துணி, அதுக்கு மேல ஒரு ஜட்டிகூட வேண்டாம். துவைச்சா காயற துணியா இருக்கோணும், ஜீன்ஸ் ஆகவே ஆகாது. மழைக்கோட்டு, டார்ச்சு, மாத்திரை, கொடிக்கயிறு ஒரு நாலு பாகம். கெளம்பறதுக்கு முன்னால பைய மாட்டிட்டு ஊத்துக்குளி கதித்தமலை படி ஏறி எறங்கி பாருங்க. எறங்குனதும் எத தூக்கி கடாசறதுன்னு உங்களுக்கே தெரியும்.