சட்டைப் பொத்தானுக்குப் பன்னிரண்டு நிமிடம்

"ஊரில் பதினொரு வருடம் டீச்சராக இருந்தேன். இங்கே என் பட்டத்தை ஏற்க மாட்டேன் என்கிறார்கள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைதான் கிடைக்கிறது. போனால் அதோடு டீச்சர் வாழ்க்கை முடிந்துவிடுமா அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். பெற்ற அம்மாவை ஊரில் விட்டுவிட்டு யாரோ ஒருவரின் அம்மாவுக்குக் கால் கழுவிவிடுவது உறுத்தாதா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு, என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன்.

தங்கச்சி, நானும் கணக்கு டீச்சராக இருந்து வந்தவள்தான். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதல் ஒன்பது வருடம் ஷிப்ட் பார்த்தேன். அப்புறம் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாறினேன்.

சேர்ந்த புதிதில் எனக்கு எதிரியாக நின்றதே என் டீச்சர் புத்திதான். டிமென்ஷியா என்ற மறதி நோய் இருந்த ஒரு அம்மா என்னை வேறு ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "அது என் பெயர் இல்லை" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவேன். தப்பான விடையைக் கண்டால் சிவப்பு மையைத் தேடுகிற கை அல்லவா? மூன்றாவது வாரம் அவர் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அது அவருடைய தங்கையின் பெயர் என்று பிறகு மகள் வந்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பெயருக்கே நான் "ம்" கொட்டியிருக்கலாம்.

வகுப்பறைக் குரலையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். எண்பது வயதுக்காரரிடம் "நல்ல பிள்ளைதானே, வாயைத் திறங்க" என்றால் அவருக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான்.

ஆனால் நம்மிடம் ஒரு நல்ல பழக்கமும் உண்டு. ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டுவிட்டு, விடை நம் நாக்கு நுனியில் இருந்தும் பேசாமல் நிற்போமே, அதுதான். இந்த வேலையில் அது எவருக்கும் சுலபத்தில் வருவதில்லை. பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் எடுப்பார். நான் போட்டுவிட்டால் ஒரு நிமிடம். இன்னும் ஏழு பேரை எழுப்பிக் குளிப்பாட்ட வேண்டிய காலை நேரத்தில் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? தினமும் நாமே போட்டுவிட்டால் கொஞ்ச நாளில் அவர் விரல்கள் பொத்தானை மறந்துவிடும். பிறகு அவர் போட நினைத்தாலும் முடியாது. அதனால் அவரை முதலில் உட்கார வைத்து, கையில் சட்டையைக் கொடுத்துவிட்டு, அதே அறையில் படுக்கை விரிப்பை மாற்றுவேன், தண்ணீர் எடுத்து வைப்பேன். பன்னிரண்டு நிமிடம் அப்படித்தான் கிடைத்தது.

டிமென்ஷியா பராமரிப்பைப் பற்றிய பார்வையையே 1990-களில் மாற்றியவர்களில் ஒருவர் டாம் கிட்வுட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர். டிமென்ஷியா உள்ளவர்களால் தொடர முடியாத வேகத்தில் நாம் பேசுவதையும் அவசரப்படுத்துவதையும், அவர்களைச் சிறுமைப்படுத்தும் செயல்களின் பட்டியலிலேயே சேர்த்தார். பயிற்சியில் இதைச் சொல்வேன். வாயால் சொல்வதோடு நிறுத்துவதில்லை. புதிதாக வந்த ஒவ்வொருவரையும் ஆளைத் தூக்கும் ஹாய்ஸ்ட் கருவியில் உட்கார வைத்து, மேலே தூக்கி இரண்டு நிமிடம் தொங்கவிடுவேன். இறங்கியதும் முகத்தைப் பார்க்க வேண்டும்! அதற்குப் பிறகு எந்தப் பாட்டியையும் சொல்லாமல் கொள்ளாமல் தூக்க மாட்டார்கள். இது பாடம் நடத்துவது இல்லையென்றால் வேறு எது?

ஹாய்ஸ்ட் என்றதும் முதுகு ஞாபகம் வருகிறது. ஆள் குறைவு, நேரமில்லை என்று யார் சொன்னாலும் தனியாகத் தூக்காதீர்கள். ஹாஸ்பைஸ், அதாவது கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம், அந்த நவீன இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாக இருந்தவர். முதுகு வலியால் அந்த வேலையை விட வேண்டி வந்தது. அவர் சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவம் படித்து 1957-இல் டாக்டராகி, 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் திறந்தார். நமக்கு முதுகு போனால் முதுகு போனதுதான்.

இன்னொன்று. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். டிமென்ஷியா ஒரே நாளில் வருவதில்லை. தொற்று, உடம்பில் நீர் வற்றுதல், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை எதுவாகவும் இருக்கலாம். உடனே நர்ஸிடம் சொல்லி, எழுதியும் வையுங்கள். முன்னேற்ற அட்டை எழுதிப் பழகிய கைக்கு அதெல்லாம் சிரமமே இல்லை. பயிற்சியாளராக எத்தனை வருட அனுபவமும் என்ன சான்றிதழும் வேண்டும் என்று சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். நான் ஆறு வருடம் கழித்துத்தான் கேட்டேன்.

இனி அம்மா விஷயம். என் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்த செய்தி வந்தபோது நான் வேறொரு அம்மாவின் கையைப் பிடித்து நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்தேன். அதற்கு மேல் விடுப்பு இல்லை. அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். திரும்பி வந்ததும் தம்பியை வீடியோவில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை எப்படி வைப்பது, எல்லாம். படுக்கைப்புண் தொடங்கும்போது தோல் சிவக்கும், விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது என்று பயிற்சிப் புத்தகத்தில் இருக்கும். நம் நிறத் தோலில் அந்தச் சிவப்பு சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை அவனைச் சொல்லச் சொன்னேன்.

அம்மா அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். தினமும் ராத்திரி தம்பி குதிகாலையும் இடுப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு இல்லைக்கா, கெட்டி இல்லைக்கா" என்று இரண்டே வரி அனுப்புவான். ஷிப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டு அதைப் படிப்பேன். கடைசிவரை ஒரு புண்கூட வரவில்லை. உறுத்தல் போனதா என்றால், போகவில்லை.