ஒரே பைப்பில் மூணு ஏசி, ஒரு ஹீட்டர்: 2.5 வயர் தாங்குமா?

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: மாடி கட்டுகிறோம், மூன்று ஏசி லைன், ஒரு வாட்டர் ஹீட்டர் லைன், நான்கையும் 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் ஒரே பைப்பில் இழுக்கப்போகிறார் எலக்ட்ரீஷியன், "25 எம்எம் பைப் சார், இன்னும் இடம் இருக்கு" என்கிறார், நம்பலாமா?

வேண்டாம். சுவர் பூசுவதற்குள் நிறுத்துங்கள். பைப்பில் இடம் இருப்பது வேறு, சூடு வெளியேறுவது வேறு. கரண்ட் ஓடும் வயர் சுடத்தான் செய்யும். ஒரு லைன் மட்டும் போனால் அந்தச் சூடு சுவரில் இறங்கிவிடும், லைனுக்கு இரண்டாக எட்டு வயர் ஒட்டிக்கொண்டு போனால் நடுவில் மாட்டியதற்குப் போக்கிடம் இல்லை. வயர் மேலுள்ள பிவிசி தாங்குவது 70 டிகிரி வரைதான். லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் இப்படிப்பட்ட பைப்பிலிருந்து வயரை உருவினேன், சிவப்பு உறை பழுப்பாகி, விரலால் மடக்கியதும் அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

சுவருக்குள் பைப்பில் தனியாகப் போகும் 2.5 வயருக்கு 24 ஆம்பியர், அதுவும் சுற்றுச்சூடு 30 டிகிரி என்றால். நம்ம ஊர் கத்திரி வெயிலுக்கு 40 என்று வைத்தால் 0.87-ஆல் பெருக்க வேண்டும், நான்கு லைன் சேர்ந்து போவதால் இன்னொரு 0.65. மிஞ்சுவது பதிமூன்றரை ஆம்பியர். கடைக்காரர் காட்டும் அட்டையில் இந்த எண் இருக்காது.

"ஒன்றரை டன் ஏசி 8 ஆம்பியர்தானே இழுக்கும்?" என்பார் எலக்ட்ரீஷியன். சரிதான், ஆனால் 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, எல்லாவற்றுக்கும் 20 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரண்ட் அதிகமானால் தானாக விழும் ஸ்விட்ச், மாட்டிவிட்டுப் போவது. ஏதோ கோளாறில் 22 ஆம்பியர் ஓடினால்கூட அந்த எம்சிபி ஒரு மணி நேரம் விழாமல் நிற்கும், அதற்குள் பதிமூன்றரை தாங்கும் வயர் என்ன ஆகும்?

அதனால் இரண்டு பைப், ஒரு பைப்புக்கு இரண்டு லைன். அப்போது 0.65 போய் 0.8 வரும், வயர் 16 ஆம்பியருக்கு மேல் தாங்கும், 16 ஆம்பியர் எம்சிபி போதும். ஒரே பைப்தான் வழி என்றால் நான்கும் 4 ஸ்கொயர் எம்எம், எம்சிபி அதே 16. வெயில் நேராக விழும் மொட்டைமாடி ஸ்லாபுக்குள் பைப் போனால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் எல்லோரும் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். எர்த் வயரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதேபோல, இப்படிக் குறைத்துக் கணக்கிட்ட அளவில் 30 சதவீதத்துக்குள் கரண்ட் ஓடும் லைனையும் விட்டுவிடலாம். பத்து எல்இடி பல்பு சேர்ந்தால் ஒரு ஆம்பியர்கூட வராது, அந்த லைட் லைன் கூடவே போனால் போகட்டும். ஆனால் அது லைட் லைனாகவே இருக்கிற வரைக்கும்தான். நாளைக்கு அதிலிருந்தே ஒரு பிளக் எடுத்து இண்டக்ஷன் அடுப்பை வைத்தால் அன்றோடு விலக்கு முடிந்தது, அந்த லைனும் கணக்கில் வந்துவிடும், வயரும் 1.5 என்பதால் முதலில் வேகப்போவது அதுதான்.

பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசும் ஒப்பந்தக்காரருக்குப் பைப் குறைந்தால் லாபம். "வயர் நானே எடுத்துத் தருகிறேன்" என்பவருக்குக் கடையில் கமிஷன் இருக்கலாம். வயர் காயிலை நீங்களே போய் வாங்குங்கள், ஐஎஸ்ஐ முத்திரை வயர் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். இதையெல்லாம் தடுக்க ஐஎஸ் 732 என்ற தரநிலை இருக்கிறது, வயரிங்கைச் சோதித்துத் தரும் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறது, ஆனால் அதில் கையெழுத்துப் போடுபவர் பல வீடுகளில் படி ஏறுவதே இல்லை, பூச்சுக்குள் மறைந்த பைப்பை அப்புறம் யாரும் எண்ணிப் பார்ப்பதும் இல்லை.

அதனால் பூசுவதற்கு முன் சுவரில் ஓடும் பைப்பையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பணத்தைக் கொடுக்கும் அன்றைக்கு எம்சிபி எல்லாம் வரிசையாக இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்து எம்சிபி மேல் சி16 என்று இருக்கிறதா, சி20 என்று இருக்கிறதா என நீங்களே படியுங்கள்.