விக்டோரியா ஏரி: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரி பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். கண்டிப் பக்கத்து விக்டோரியா நீர்த்தேக்கத்தை நினைத்துக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும், அது வேறு.

இரணைமடுக் குளத்தைப் போல எத்தனை மடங்கு? (கிளிநொச்சி)

இரணைமடுவை விடுங்கள், முழு இலங்கையையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர், ஏரி ஏறத்தாழ 68,800. பாதியளவு தான்சானியாவுக்கு, அதற்குச் சற்றுக் குறைவாக உகண்டாவுக்கு, கென்யாவுக்கு வெறும் 6 வீதம். ஆனால் பரப்புக்கேற்ற ஆழம் கிடையாது. மிக ஆழமான இடமே 80 மீற்றர் சொச்சம்தான். பக்கத்துத் தங்கனிக்கா ஏரி 1,470 மீற்றர் இறங்கும்.

எந்த ஆறு அதை நிரப்புகிறது? (கனகராயன்குளம்)

உங்கள் கனகராயன் ஆறு இரணைமடுவுக்குச் செய்யும் வேலையை அங்கே வானமே செய்கிறது. வரும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு ஏரியின் மேலேயே பெய்யும் மழை. அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். மிச்சம் உகண்டாவின் ஜிஞ்சாவில் வெளியேறி நைல் நதியாக ஓடுகிறது.

நமது குளத்துத் திலாப்பியா அங்கிருந்து வந்ததா? (வவுனிக்குளம்)

இல்லை. 1952இல் இலங்கைக் குளங்களில் விட்டது மொசாம்பிக் திலாப்பியா. பிறகு வந்த நைல் திலாப்பியா விக்டோரியாவுக்கே வந்தேறிதான், 1950களில் கொண்டுவந்து விட்டார்கள். அதே காலத்தில் நைல் பேர்ச்சும் உள்ளே போனது. 2 மீற்றர் நீளம், 200 கிலோ வரை வளரக்கூடிய, மற்ற மீன்களை வேட்டையாடித் தின்னும் மீன்! 1980களில் அது பெருகியபோது, ஏரிக்கே உரிய சிக்லிட் என்ற சின்ன மீன்களில் ஏராளமான இனங்கள் காணாமல் போயின. மொத்தம் 500 இனங்கள் வரை இருந்த ஏரி அது.

ஆனால் பழியை முழுக்கப் பேர்ச்சின் தலையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே டாகா என்றொரு விரலளவு வெள்ளி மீன் உண்டு. இரவில் விளக்கு வைத்துப் பிடித்து, நெத்தலி போல வெயிலில் பரப்பிவிட்டால் கருவாடு ரெடி. பேர்ச் அப்படியில்லை, கொழுப்பு மீன், புகை போட்டால்தான் நிற்கும். அதற்கு விறகு வேண்டும். மரம் வெட்டினார்கள், மண் கரைந்து ஏரிக்குள் இறங்கியது. வயல், நகரக் கழிவுகளும் சேர, பாசி பெருகித் தண்ணீர் கலங்கியது. சிக்லிட் பெண்மீன் நிறம் பார்த்துத்தான் துணை தேடும். கலங்கல் தண்ணீரில் நிறம் எப்படித் தெரியும்? இனம் மாறிக் கலந்து, தனித்தனி இனங்களே மங்கிப் போயின.

அங்கேயும் மீனவர் எல்லை தாண்டினால் பிடிப்பார்களா? (நாச்சிக்குடா)

பிடிப்பார்கள். மிகிங்கோ என்றொரு பாறைத் தீவு, ஒரு விளையாட்டுத் திடலின் பாதிகூட வராது. தகரக் கொட்டில்கள் நெருக்கியடித்து நிற்கும். அதற்காகக் கென்யாவும் உகண்டாவும் 2009இல் கடுமையாக முறுகிக்கொண்டன. பாறைக்காகவா? சுற்றியுள்ள தண்ணீரில் கிடைக்கும் பேர்ச்சுக்காகத்தான்.

நீர்யானை, முதலை உண்டா? குளிக்கலாமா? (முழங்காவில்)

இரண்டும் உண்டு. நைல் முதலை நமது குளத்து முதலையைவிடப் பொதுவாகப் பெரியது. ஆனால் கரையோரத்தில் அதிகம் பேரைப் பிடிப்பது நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழு நோய். அந்தப் புழு தோலைத் துளைத்தே உள்ளே போகும். உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் புல் மண்டிய கரையில் கால்கூட நனைக்க வேண்டாம்.