வெங்காயம் குறைகிறது: பழுது மண்ணிலா, கிணற்றிலா?

சுன்னாகம் பக்கம் செம்மண் தோட்டம், சின்ன வெங்காயம் போகத்துக்குப் போகம் குறைகிறது, மண் பழுதாகிவிட்டதா, யூரியாவைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

யூரியாவைக் கூட்ட முன்னம் கிணற்றைச் சோதியுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் கிடக்கும் உவர் மேலேறும். அதனால் மாரிக்கு முன், ஆவணி புரட்டாசியில், இறைப்புத் தொடங்கியவுடன் ஒரு போத்தலும் ஒரு மணித்தியாலம் இறைத்தபின் இன்னொரு போத்தலும் எடுத்து, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறனை அளப்பியுங்கள். வெங்காயம் உப்புக்குத் தாங்காத பயிர். மீற்றருக்கு 0.8 டெசிசீமன்ஸ் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும், 2.9 அளவில் பாதியாகிவிடும். பீற்றூட் இதைவிட நன்றாகத் தாங்கும். இரண்டாவது போத்தல் முதலாவதைவிடக் கூடிய அளவைக் காட்டினால் ஒரே மூச்சில் இறைக்காமல் இடைவெளி விட்டு இறையுங்கள்.

அதே தண்ணீரில் நைத்திரேற்றையும், அதாவது பசளை நைதரசன் தண்ணீரில் கரைந்து நிற்கும் வடிவத்தையும், பார்க்க வேண்டும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்தளவு இருக்கும் தண்ணீரை ஒரு பரப்புக்கு (253 சதுர மீற்றர்) போகம் முழுவதும் மொத்தம் 500 மில்லிமீற்றர் உயரத்துக்கு இறைத்தால், 1.4 கிலோ நைதரசன் தண்ணீரோடேயே போகிறது. அது 3 கிலோ யூரியாவுக்குச் சமம்! அந்தக் கணக்கைக் கழிக்காமல் போடும் பசளை மழையோடு இறங்கித் திரும்பவும் கிணற்றுக்குத்தான் வரும். நைத்திரேற்று கூடினால் கேடு பச்சைக் குழந்தைக்குத்தான்; அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மாதான் அயலில் உள்ள குழந்தைக்கும் போகிறது.

இனி மண். பசளை போட்ட கையோடு மாதிரி எடுக்காதீர்கள். வளைந்து வளைந்து நடந்து 12 இடத்தில், 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரே தடிப்பாகச் சீவி, பிளாஸ்ரிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைச் சோதனைக்குக் கொடுங்கள். துத்தநாகம் பூசிய தகர வாளி துத்தநாக முடிவைக் கெடுத்துவிடும். வேலியடியும் எருக்கும்பிப் பக்கமும் வேண்டாம். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். 8 ஐத் தாண்டியிருந்தால் பொசுபரசு கல்சியத்தோடு இறுகிக் கிடக்கும். இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாது.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். காய்ந்த மண்கட்டியொன்றை ஒரு கிளாஸ் தண்ணீரில் மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பொலபொலவென்று உடைந்தால் சேதனப் பொருள் (உக்கிய இலைகுழை, எரு) குறைவு. கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் சோடியம் ஏறியிருக்கிறது. முதலாவதுக்குச் சணல் விதைத்துப் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுவதும், பூவரசங்குழை, பனையோலை தாழ்ப்பதும் இன்றைக்கும் நல்ல வழி. எந்த மூட்டைப் பசளையும் இந்த வேலையைச் செய்யாது.

உங்கள் பக்கமான வலிகாமத்துத் தறை மட்டமானது, மண் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். குடாநாட்டின் வடகிழக்கில் வடமராட்சிக் கரை மணலில் சோழகக் காற்றே (தென்மேற்குக் காற்று) அள்ளிக்கொண்டு போகும். எங்கேயானாலும் இரும்புக் கம்பி நாலைந்தை அடித்து, மண்மட்டத்தில் பெயின்ற் அடையாளம் வைத்து, சோழகத்துக்கும் மாரிக்கும் பின் மண் அடையாளத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் இறங்கினாலே ஒரு பரப்பில் ஏறத்தாழ 330 கிலோ மேல்மண் போயிருக்கும்.