குச்சி நட்டால் காசாகுமா? கோபி வாசகிக்குப் பதில்

கேள்வி: வணக்கங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல இருக்கோம். வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறாருங்க. வீட்டை ஒட்டி 15 சென்ட் இடமும் ஒரு போரும் இருக்குது. சீட்டு எடுத்ததும் சேமிப்புமா 3 லட்சம் கையில இருக்குதுங்க. குச்சி வெட்டி வேர் விட வச்சு, செடியா வித்தா நல்ல லாபம்னு சொல்றாங்க. "ஒரு குச்சி ஒரு ரூபா, ஒரு செடி முப்பது ரூபா, 10,000 குச்சி போட்டா 3 லட்சம்"னு ஒரு வீடியோவுல கணக்கும் பார்த்தேன். 3 லட்சத்தோட நகையை வச்சு இன்னொரு 2 லட்சம் வாங்கிப் பெருசாவே ஆரம்பிக்கலாமாங்க? மாசச் செலவு 20,000 ஆகுது. கட்டுப்படியாகுமா, சொல்லுங்க.

பதில்: சகோதரிக்கு வணக்கம். ஆரம்பிக்கலாம். ஆனால் 5 லட்சத்தில் வேண்டாம், 1 லட்சத்தில் ஆரம்பியுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

வீடியோக் கணக்கில் விற்கும் விலை பொய் இல்லை. நட்ட குச்சி அத்தனையும் செடியாகி, ஆன செடி அத்தனையும் விற்றுவிடும் என்று வைத்திருப்பதுதான் பிசகு. நாற்றுப் பண்ணையில் லாபத்தைத் தீர்மானிப்பது 100 குச்சிக்கு எத்தனை செடி காசாகிறது என்ற ஒரே எண்தான். செத்த குச்சியின் செலவையும் விற்ற செடிதான் சுமக்க வேண்டும்.

செம்பருத்தி, அரளி, இட்லிப்பூ, மல்லி என்று கலந்து 5,000 குச்சி போடுவதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். குச்சி வெட்டி, மருந்தில் நனைத்து நடுவதற்குக் குச்சிக்கு ரூ.1.50 வீதம் 7,500. வேர் பிடித்ததைப் பைக்கு மாற்ற, பை, மண்கலவை, நிரப்பும் கூலி எல்லாம் சேர்த்துச் செடிக்கு ரூ.3.50. நான்கு மாதப் பராமரிப்பு, மாதம் 5,000 வீதம் 20,000. வேர் பிடித்ததில் பத்தில் ஒன்று பைக்கு மாறியதும் சாகும். மிஞ்சியதில் 100-க்கு 15 விற்காமல் தேங்கும். மொத்த விலை செடிக்கு ரூ.18.

100-க்கு 60 வேர் பிடித்தால் கடைசியில் விற்பது 2,295 செடி. செலவு 38,000, வரவு 41,310. நான்கு மாத உழைப்புக்கு மிச்சம் 3,310 ரூபாய். 80 பிடித்தால் 3,060 செடி விற்று 13,580 மிஞ்சும். 40 மட்டும் பிடித்தால் 6,960 ரூபாய் கைநட்டம். இதில் நிழல்வலைக் கூடத்தின் தேய்மானத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. ஆரம்ப அமைப்புக்கு 50,000 போட்டு, வருடம் இரண்டு முறை வீதம் நான்கு வருடம் ஓட்டினால் ஒரு முறைக்கு 6,250 ஆகிறது. அதையும் ஏற்றினால் 60 பிடித்த கணக்கும் நட்டத்தில் போய் நிற்கும்.

அதே 60-இல், விற்கும் செடியில் பாதியை வீட்டிலும் வாரச்சந்தையிலும் ரூ.35-க்கு நேராக விற்றால் தேய்மானம் போக 16,500 ரூபாய் அளவில் நிற்கும். ஆக, வேர் பிடிக்கும் விகிதத்தை ஏற்றுவதும், பாதியையாவது நேரடியாக விற்பதும்தான் உங்கள் முதல் வருட வேலை. பெரிதாக ஆரம்பித்தால் இந்த இரண்டும் உயராது, நட்டம் மட்டும் பெரிதாகும்.

வேர் விகிதத்தை முதலில் கெடுப்பது தண்ணீர். கொங்குப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. வளர்ந்த தென்னை அதைத் தாங்கும், வேரில்லாத குச்சி தாங்காது. இலை நுனி கருகி, வேர் கிளம்பும் இடம் பழுப்பாகி நின்றுவிடும். கூடத்துக்குக் கம்பு ஊன்றுவதற்கு முன்னால் போர்த் தண்ணீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள், சொற்பக் கட்டணம்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 500 பிபிஎம்-க்குள் இருந்தால் கவலை இல்லை. 1,000-ஐத் தாண்டினால் வேர் விடும் பாத்திக்கு மட்டுமாவது மழைநீரோ ஆற்றுக் குடிநீரோ கலந்து ஊற்ற வழி பண்ண வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் இந்தத் தொழிலை அந்த இடத்தில் தொடங்காதீர்கள் என்றே சொல்வேன்.

இரண்டாவது, தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் கட்டியில் 5 கிலோவை ஊற வைத்தால் 70 லிட்டருக்கு மேல் உப்பிக் கொடுக்கும். மலிவு என்று கழுவாமல் போட்டால் அதிலிருக்கும் உப்பே குச்சியை முடித்துவிடும். ஊற வைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி மூன்று முறை அலசுங்கள். கடைசியாகப் பிழிந்த தண்ணீரில் மீட்டரை விட்டுப் பாருங்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு இறங்கியிருந்தால் போதும். வேர் விடும் பாத்திக்கு அலசிய நார்க்கழிவும் கழுவிய மணலும் சரிபாதி. எரு ஒரு பிடிகூட வேண்டாம், அழுகலை அழைத்து வரும். எருவெல்லாம் பைக்கு மாற்றும்போதுதான். அப்போது செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழு உரம் ஒன்று. 5-க்கு 7 அங்குலப் பையில் ஒரு யூனிட் கலவை, அதாவது 100 கன அடி, ஏறக்குறைய 3,500 பைக்கு வரும். மண் லாரிக்காரரிடம் பேச இந்தக் கணக்கு உதவும்.

மூன்றாவது காற்று. வைகாசியில் தொடங்கி ஆடி முடிய பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, பாத்தியில் ஈரம் இருக்கும்போதே குச்சியை உலர்த்திவிடும். கூடத்தின் மேற்குப் பக்கம் தரை வரை வலை இறக்குங்கள். உள்ளே 4 அடி அகலப் பாத்தி மேல் வளைகுழாய் நட்டு, கண்ணாடிபோல் தெரியும் பாலித்தீன் தாளால் மூடுங்கள். அதன்மேல் 75 சதவீத நிழல் இருக்கட்டும். வெயில் நேராகப் பட்டால் மூடிய தாளுக்குள் குச்சி வெந்துவிடும்.

குச்சி எடுப்பது விடியற்காலையில். பென்சில் பருமன், அரை முற்றல், மூன்று நான்கு கணு. மல்லி இதைவிட மெல்லிசாக இருக்கும், அது பரவாயில்லை. அடி வெட்டு கணுவுக்கு ஒட்டிக் கீழே சாய்வாக, மேல் வெட்டு கணுவுக்கு மேலே நேராக. இந்தப் பழக்கம் இருந்தால் கூலியாள் தலைகீழாக நட மாட்டார், அது நிறைய நடக்கிறது. மேலே இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அரளியில் பால் வடியும், அது விஷம். கையுறை போட்டுக்கொண்டு வெட்டி, பாலைக் கழுவிவிட்டு நடுங்கள். வேர் ஊக்கி ஐபிஏ 1,000 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 கிராம். அது நேராகத் தண்ணீரில் கரையாது, கொஞ்சம் எரிசாராயத்தில் (ஸ்பிரிட்) கரைத்துப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். முதல் வருடம் கடையில் கிடைக்கும் வேர்ப்பொடியே போதும். ஊக்கிக் கரைசலில் நனைப்பதானால் ஐந்து பத்து விநாடிதான். அதிக நேரம் ஊறினால் அடி கருகும்.

நல்ல கை உள்ளவர்களையும் ஏமாற்றுவது துளிர். பத்து பதினைந்து நாளில் பச்சை விட்டதும் வேர் வந்துவிட்டதென்று பைக்கு மாற்றுவார்கள். அந்தத் துளிர் குச்சிக்குள் இருந்த சேமிப்பில் வந்தது, வேரால் வந்ததல்ல. மாற்றிய ஒரு வாரத்தில் எல்லாம் தொங்கும். பாத்தியின் மூலையில் நான்கு குச்சியைப் பிடுங்கிப் பாருங்கள். ஓர் அங்குல வேர் மூன்று நான்கு இருந்தால்தான் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் பத்து நாள், தாளை நாளுக்கு நாள் கூடுதலாகத் திறந்து வைத்துப் பழக்குங்கள்.

இனி விற்பனை. அழகுச் செடியில் ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து லாரி லாரியாகச் செடி நம் ஊருக்கு வருகிறது. மல்லி நாற்றை வாங்கச் சத்தியமங்கலத்து விவசாயிகள் இருக்கிறார்களே என்று தோன்றும். ஆனால் ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பக்கத்து மணலில் வேர் விட்ட மல்லிக் கட்டு தமிழ்நாடு முழுக்கப் போகிறது. அவர்களோடு விலையில் நீங்கள் மோத முடியாது. வீட்டுத் தோட்டத்துக்குப் பையில் விற்பதோடு மல்லியை நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது மல்பெரி. கோபி வட்டாரத்திலும் உடுமலையிலும் பட்டுப்புழு வளர்ப்போர் நிறையப் பேர். வி1 ரகம் ஊக்கி இல்லாமலே நன்றாக வேர் பிடிக்கும், பையும் வேண்டாம், கூடமும் வேண்டாம். ஆறு முதல் எட்டு மாதக் கிளையில் அரை முதல் முக்கால் அடிக் குச்சி. திறந்த பாத்தியில் வரிசைக்கு 8 அங்குலம், குச்சிக்குக் குச்சி 4 அங்குலம். வாய்க்கால் வரப்பு போக சென்டுக்கு ஏறக்குறைய 1,150 குச்சி பிடிக்கும். 3-க்கு 3 அடியில் ஏக்கருக்கு 4,840 செடி, ஜோடி வரிசையில் 5,445. அதனால் ஓர் ஏக்கர் ஆர்டர் என்றாலே 5,000 செடி என்று வைத்துக்கொள்ளலாம். 6,000 குச்சி, 5 சென்ட் சொச்சம் இடம், குச்சி, எரு, கூலி எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் என்று எடுத்தால், 85 சதவீதம் பிடித்தால் செடி அடக்கம் ரூ.2.85. ரூ.4.50-க்கு 5,000 போனால் 8,000 மிச்சம். அதற்குக் கீழே கேட்டால் நடாதீர்கள். ஆனி மாதம் நட்டு, மூன்று நான்கு மாதம் கழித்துப் புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பிடுங்கிக் கொடுப்பது வசதி. வேர் அழுகலோ வேர்முடிச்சு நூற்புழுவோ இருக்கும் தோட்டத்திலிருந்து குச்சி எடுக்கவே கூடாது. உங்கள் பாத்தியோடு வாங்குபவர் தோட்டமும் கெடும், அதற்குப் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் உங்களிடம் ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

ஆர்டரோடு மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வாங்கிவிட்டுத்தான் மல்பெரிக் குச்சி நட வேண்டும். "அப்புறம் தர்றேனுங்க" என்று செடி போனால் பணம் வெள்ளாமை எடுத்த பிறகுதான் வரும்.

உங்கள் 3 லட்சத்தை இப்படிப் பிரியுங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவு 1,20,000. இதை வங்கி வைப்பில் போட்டுவிட்டு, பண்ணைக்கு எடுக்க இப்படியொரு பணம் இருப்பதையே மறந்துவிடுங்கள். 600 சதுர அடி நிழல்வலைக் கூடம் 27,000, குழாயும் தெளிப்பானும் 8,000, பாலித்தீன் குடில் 5,000, கத்தரி, தெளிப்பான் டேங்க், மீட்டர் 4,000, தாய்ச்செடி 4,000, உரிமம், சில்லறை 2,000. ஆக அமைப்புக்கு 50,000. முதல் பைச்செடிக்கு 38,000, மல்பெரிக்கு 14,500. மொத்தம் 1,02,500. மீதி 77,500 இரண்டாம் கட்டத்துக்கு, ஆறு மாத வைப்பில் இருக்கட்டும். 600 சதுர அடியில் நடைபாதை போக 4,000 பைக்கு மேல் அடங்கும், முதல் வருடத்துக்கு அது தாராளம்.

நகைக் கடன் ஏன் வேண்டாம் என்றால், 2 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியே வருடத்துக்கு 18,000, மாதம் 1,500. 80 பிடிக்கும் நல்ல கணக்கிலேயே செடிக்கு மிச்சம் ரூ.4.44தான். வட்டிக்கு மட்டும் மாதம் 340 செடி விற்க வேண்டும். முதல் நான்கு மாதம் விற்க ஒரு செடிகூட இருக்காது. மானியத்தை நம்பியும் திட்டம் போடாதீர்கள். வந்தால் இரண்டாம் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

உரிமம் கட்டாயம். நாற்றும் விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983-க்குள் வருவதால், மாவட்ட விதை ஆய்வுத் துணை இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வாங்குபவர் பெயர், ரகம், எண்ணிக்கை போட்டு ரசீது கொடுக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும். செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு. வருமான வரியில் 2008 நிதிச் சட்டம் முதல் நாற்றுப் பண்ணையில் வளர்த்து விற்கும் நாற்றின் வருமானம் விவசாய வருமானமாகவே கொள்ளப்படுகிறது. வெளியில் வாங்கி அப்படியே விற்கும் செடிக்கு அது பொருந்தாது. அதனால் இரண்டுக்கும் தனித்தனி நோட்டு, பண்ணைக்கென்று உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு.

அந்த நோட்டில் ஒவ்வொரு பாத்திக்கும் நட்ட தேதி, செடி வகை, நட்டது, வேர் பிடித்தது, விற்றது எழுதுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை 100-க்கு 70-க்கு மேல் வேர் பிடித்து, விற்பனையில் பாதி உங்கள் கையாலேயே போயிருந்தால் அந்த 77,500-ஐ எடுங்கள். 50-க்குக் கீழே நின்றால் ஒரு ரூபாயும் கூட்டாமல், எந்த வகைச் செடி விகிதத்தைக் கீழே இழுக்கிறது என்று நோட்டில் பார்த்து அதை விட்டுவிட்டு, பிடித்த வகையோடும் மல்பெரியோடும் இன்னொரு பட்டம் ஓட்டிப் பாருங்கள்.