குறிவரிகளுக்கு நடுவே உள்ளதைப் பிரித்தெடுத்தல்: கேள்வி பதில்

கொக்குவில் வாசகர்: சனசமூக நிலையத்தில் தட்டச்சு செய்த மரண அறிவித்தல்கள் ஒரே கோப்பில் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே "தொடக்கம்", கீழே "முடிவு" என்று தனி வரி. பைத்தன் நிரல்மொழியில் எப்படிப் பிரிப்பது, ஐயா?

பதில்: வரி வரியாக வாசியுங்கள். "உள்ளே" என்றொரு மாறியை (மதிப்பை நினைவில் வைக்கும் பெயரை) முதலில் பொய் என வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க வரி வந்ததும் அதை மெய்யாக்குங்கள். பிறகு வரும் வரிகளைப் பட்டியலில் சேருங்கள். முடிவு வந்ததும் பட்டியலைத் தனிக் கோப்பில் எழுதி, அதை வெறுமையாக்கி, மாறியை மறுபடி பொய்யாக்குங்கள். உள்ளே இருக்கும்போதே இன்னொரு தொடக்கம் வந்தாலோ, கோப்பு முடிந்தும் மாறி மெய்யாகவே இருந்தாலோ, வரி எண்ணைக் காட்டி நிரலை நிறுத்துங்கள். ஒரு "முடிவு" விடுபட்டால் ஒருவரின் பிள்ளைகள் அடுத்தவரின் பிள்ளைகளாகிவிடுவார்கள்.

மானிப்பாய்: வரிகளைத் திருத்தவும் எடுக்கவும் உதவும் செட் (sed) கட்டளையால் ஒரே வரியில் முடியாதா?

பதில்: முடியும். ஆனால் குறிவரிகளும் சேர்ந்து வரும். முடிவு விடுபட்டால் அடுத்த முடிவுவரை, அதுவும் இல்லாவிட்டால் கோப்பின் கடைசிவரை அள்ளி வரும்.

பருத்தித்துறை: "தொடக்கம்" கண்ணுக்குத் தெரிகிறது, நிரலுக்குத் தெரியவில்லை.

பதில்: நல்ல கேள்வி, தம்பி. "தொ"வில் உள்ள கொம்பும் காலும் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகவும் வரலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. கோப்பின் வரி, உங்கள் குறி இரண்டையும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு இயல்பாக்கிய பின் ஒப்பிடுங்கள். வரி இறுதி வெற்றிடத்தையும் நீக்குங்கள்.

நல்லூர்: இத்தனை வரிகள் எதற்கு? முழுக் கோப்பையும் வாசித்து ஒரே ரெகுலர் எக்ஸ்பிரஷனில், அதாவது தேடும் எழுத்துகளின் அமைப்பைச் சொல்லும் வாய்பாட்டில், எடுத்துவிடலாம்.

பதில்: எடுக்கலாம். முடிவு விடுபட்ட இடத்தில் அது அடுத்த அறிவித்தலையும் விழுங்கிவிடும், ஒரு சொல்லும் சொல்லாமல்.

நல்லூர்: நடுவில் இன்னொரு தொடக்கம் வரக்கூடாது என்று அதிலேயே தடுக்கலாமே?

பதில்: தடுத்தால் அந்த அறிவித்தலே வெளியீட்டில் இராது. கலந்துபோவதும் காணாமல் போவதும் எனக்கு ஒன்றுதான். குறிகள் சரியென்று முன்பே சோதித்த கோப்பானால் உங்கள் வழியே சுருக்கம். கையால் தட்டச்சு செய்த கோப்பில் அதை நம்பமாட்டேன்.

சுன்னாகம்: என் கோப்பு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கிறது.

பதில்: முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. மூலக் கோப்பை அழிக்கவேண்டாம்.

சாவகச்சேரி: முடிவு வரி இல்லாவிட்டால் என்ன செய்வது?

பதில்: கொக்குவிலுக்குச் சொன்னதைத் தயவுசெய்து வாசியுங்கள். வரி எண் கிடைத்ததும் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து நீங்களே குறியை இடுங்கள்; நிரலை ஊகிக்க விடாதீர்கள்.